சுவரில் கரண்டியால் ஒரு தட்டு

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். என் வீட்டுக்கு மேல்மாடியில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். புகார் எழுதலாமென்று, சட்டம் எதைத் 'தொல்லை' என்கிறது எனத் தேடிப் படித்தேன். ஒருவர் தன் வீட்டில் நிம்மதியாக இருப்பதை நியாயமான அளவுக்கு மீறிக் கெடுப்பது எதுவோ, அது தொல்லையாம். சரிதான். ஆனால் நம் வீடுகளில் இந்தச் சொல்லை அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள், நாம் யார் இல்லாமல் இருக்க முடியாதோ அவர்களாயிற்றே? புகாரை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டேன்.

2

'நீதிமன்றத்தில் அன்று மழை' – வேண்டாம். மழை வந்தால் என் கதைகளில் யாராவது அழுதுவிடுகிறார்கள்.

'தையல்கார அக்கா சாட்சிக் கூண்டில் ஏறியபோது' – ஏறட்டும். அதற்கு முன் அந்தச் சுவரைச் சொல்லியாக வேண்டும்.

அக்காவின் தையல் அறைக்கும் தகரப் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் வாளி அடிப்பவருக்கு அவள் வைத்த பெயர் டமாரம். சத்தம் மண்டையைப் பிளக்கும்போது கரண்டியால் சுவரில் தட்டுவாள். அவர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கொஞ்சம் ஓய்வார். ('சரி' என்று பொருள். இருவரும் பேசி வைத்துக்கொண்டதல்ல.)

"கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியா? தொல்லை புடிச்ச மனுஷன்!"

"இந்த ஒரு வாளி மட்டும்க்கா!"

அந்த ஒரு வாளி முடிந்ததாக வரலாறே இல்லை.

3

அக்காவின் கணவர் இறந்த வாரம் சுத்தியல் சத்தமே இல்லை. துக்க வீட்டுக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாதென்று டமாரம் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அக்கா துணியை விரித்தாள். வெட்டக் கை வரவில்லை. கடைசியில் எழுந்துபோய்க் கரண்டியால் தட்டினாள்.

"என்னக்கா?" சுவருக்கு அப்பாலிருந்து குரல்.

"அடிய்யா. வீடு ரொம்ப அமைதியா இருக்கு. பயமா இருக்கு."

அவர் அடித்த முதல் அடி அவள் நெஞ்சில் – (இல்லை, தகரத்தில்தான் விழுந்தது.) அந்தச் சத்தத்தின் மறைவில் அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

4

இப்போது வழக்கு. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் பட்டறையை மூடச் சொல்கிறார். கெட்டவரில்லை; அவர் வீட்டுக் கைக்குழந்தை தூங்குவதில்லை. (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். கதை ரொம்பச் சுலபமாகிவிட்டது, பிடிக்கவில்லை.) அவர் பக்கத்துச் சாட்சியாக அக்காவை அழைத்திருக்கிறார்கள். அவள் வாயில்தான் டமாரத்தின் பிழைப்பு இருக்கிறது.

"நீங்களே தினமும் சுவத்துல தட்டுவீங்களாமே?" என்றார் வக்கீல்.

"தட்டுவேன்."

"அப்ப அது தொல்லைதானே?"

"தொல்லைதாங்க."

டமாரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதனால நிறுத்தணும்னு சொல்றீங்க."

"அய்யய்யோ, அத எப்ப சொன்னேன்?"

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "தொல்லைன்னா நிறுத்தணும்மா. நிறுத்த வேணாம்னா தொல்லை இல்லைன்னு சொல்லணும். எத எழுதிக்க?"

"ரெண்டையும் எழுதிக்குங்க."

அப்படி எழுத அங்கே வழியில்லை.

5

முடிவு ஒன்று: பட்டறை மூடப்பட்டது. (எழுதினேன். மனசு கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: வழக்குத் தள்ளுபடியாகி, எல்லோரும் சிரித்தபடி – (பொய். குழந்தை இன்னும் தூங்கவில்லை.)

ஆக, தீர்ப்பு வரவில்லை. வரும்வரை பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாதென்று உத்தரவு. வீட்டுக்கு வந்த அக்கா கரண்டியோடு சுவர் முன்னால் நிற்கிறாள். அப்பால் அவர் இருமுவது கேட்கிறது. தட்டினால் அவர் கட்டாயம் பதிலுக்குத் தட்டுவார். அது உத்தரவை மீறியதாகிவிடும். தட்டாவிட்டால், கூண்டில் அவள் 'தொல்லை' என்று சொன்னது மட்டும்தான் அவருக்கு மிஞ்சும்.

என் மேல்மாடியிலும் துளைப்பது நின்று வெகுநேரமாகிறது. இந்த அமைதியில் எனக்கு எழுத ஓடவில்லை. கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.