ஸ்கேனில் தெரியாதது

ஓரகத்தி ஸ்வர்ணலதாவின் முறிந்த காலின் எக்ஸ்ரேவை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாமியார் காட்டினாள். ஹேமலதாவுக்கு வயிறு எரிந்தது. மனச்சோர்வால் தறியில் உட்கார முடியாத அவளைச் சோம்பேறி என்றார்கள். தனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்பதற்காகவே வேலூரில் ஒரு மூளை ஆராய்ச்சியில் சேர்ந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டாள்.

“என் படத்துல வித்தியாசம் தெரியுதுங்களா?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

“நூத்துக்கணக்கான பேரோட ஸ்கேனைச் சேர்த்துப் பார்த்தாதாம்மா தெரியும். ஒருத்தர் படத்தை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்க நோய் நிஜம்.”

வீட்டில் மாமியார், “படத்துல இன்னா தெரிஞ்சுது?” என்றாள்.

“ஒன்னும் தெரியலைங்க.”

“அப்ப தறிக்குப் போ.”

கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த ஸ்வர்ணலதா நகர்ந்து இடம் விட்டாள். “அக்கா தினமும் அழுதுகினு இருக்கறத நான் பாக்கறேன் அத்தை. வாக்கா, படு.”

ஹேமலதா படுத்தாள். அந்த மாவுக்கட்டின் மேலிருந்த பொறாமை மட்டும் போகவில்லை.