யோகலிங்கம் போகாத ஊர்

வாருங்கள் வாசகரே, வந்து சாட்சி சொல்லுங்கள். டுசல்டோர்ஃப் நகரத்து மூன்றாம் மாடி வீடொன்றில், வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசையின் மேல், ஒரு பெண்மணியின் ஊர் பட்டப்பகலில் பறிக்கப்பட்டது. கத்தி இல்லை, கதவுடைப்பு இல்லை, காவல்துறைக்கு எவரும் சொல்லவும் இல்லை. பறித்தவர் அவருடைய கணவர். பறிக்கத் தூண்டியது பொறாமை. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள் நாம்.

அந்தப் பெண்மணியின் பெயர் குணேஸ்வரி. இத்தாலிய உணவகம் ஒன்றின் அடுக்களையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்பவர். முதலாளியின் சொந்த ஊர் ஒர்வியேத்தோ. செங்குத்தான பாறையின் உச்சியில் அமர்ந்திருக்கும் பழைய நகரம். முட்டை சேர்க்காமல் மாவையும் நீரையும் பிசைந்து, உள்ளங்கையால் தடித்த நூலாக உருட்டுவது அவ்வூர் வழக்கம். உம்பிரிச்செல்லி என்பார்கள். டுசல்டோர்ஃபில் அதை நாள்தோறும் உருட்டியவை யாழ்ப்பாணத்துக் கைகள். உண்டவர்களோ முதலாளியின் தாயாரின் கைப்பக்குவம் என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

ஓகஸ்டில் உணவகம் இரண்டு கிழமை பூட்டப்படும். முதலாளி தம் ஊருக்குப் போவார். குணேஸ்வரி எங்கே போனார்? பாரிசில் கலியாணம். லண்டனில் பருவமடைந்த பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. டொரொண்டோவில் ஐம்பதாவது பிறந்தநாள். சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறையில் மெத்தை விரித்துப் படுத்தெழும்பி வருவதற்குத்தானே நாம் விடுமுறை என்று பெயர் வைத்திருக்கிறோம்!

இந்த ஆண்டு மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சியை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் கஜந்தி, மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

"அம்மா, இந்தமுறை கலியாணமும் இல்லை, சடங்கும் இல்லை. இத்தாலிக்குப் போறம். பழைய ஊரா மூண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

குணேஸ்வரி யோசிக்கவே இல்லை. "லூக்கா. உர்பீனோ. ஒர்வியேத்தோ."

கணவர் சிறீதரன் தட்டிலிருந்து தலை நிமிர்த்தினார். அவர் ஏன் நிமிர்ந்தார் என்று விளங்க வேண்டுமானால், நீங்கள் யோகலிங்கத்தை அறிந்திருக்க வேண்டும். குணேஸ்வரியின் தங்கை நிரஞ்சனாவின் கணவர், சிறீதரனுக்குச் சகலன், டோர்ட்முண்ட்வாசி. தொண்ணூறாம் ஆண்டில் இந்த இரு ஆண்களும் ஒரே ஹைமில், அகதிகளுக்கான அந்த விடுதியின் ஒரே அறையில், ஓர் அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். மேல்தட்டு யோகலிங்கத்துக்குக் கிடைத்தது. அன்றுதொட்டு எல்லாவற்றிலும் மேல்தட்டு அவருக்கே. விசா அவருக்கு முதலில், வீடு முதலில், கார் முதலில். கோடைதோறும் ஏதோ ஓர் இத்தாலிய நகரத்திலிருந்து யோகலிங்கத்தின் படம் சிறீதரனின் கைபேசியில் வந்து உட்காரும். சிறீதரன் அதற்குக் கைகூப்பும் சின்னம் ஒன்றை அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கறியில் உப்புக் காணாது என்பார்.

"லூக்கா வேண்டாம்," என்றார். "மதிலுக்கு மேலை சைக்கிள் ஓடுற ஊர்தானே? அவன் முந்தின வருசமே ஓடியிட்டான்."

"சித்தப்பா ஓடி மதில் தேஞ்சே போச்சு?" என்றாள் கஜந்தி.

"பகிடி விடாதை. நாங்கள் போனால், 'அண்ணை எனக்குப் பின்னாலை வாறார்' எண்டு ஊரெல்லாம் சொல்லுவான்."

"சரி, உர்பீனோ. அங்கை சித்தப்பா போகேல்லை."

"உர்பீனோவை ஆருக்குத் தெரியும்? படம் போட்டால் 'இது எந்த இடம்' எண்டு கேப்பினம். ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டு இருக்க ஏலாது."

யோகலிங்கம் போன ஊர், போனதால் கழிந்தது. போகாத ஊர், புகழில்லாததால் கழிந்தது. எஞ்சியது ஒர்வியேத்தோ. பாறைமேல் நகரம்; பொன் மின்னும் முகப்புள்ள தேவாலயம்; சகலனின் கால் படாத மண். சிறீதரன் இணங்கினார். மாற்றக்கூடிய விதமாக அறை பதிவானது. ஒரு நிபந்தனை மட்டும் இட்டார்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. கண் பட்டிடும்."

போய்த் திரும்பும்வரை போகுமிடத்தை ஒளிப்பது நம்மவர் பழக்கம். குணேஸ்வரியும் ஒளிக்கத்தான் நினைத்தார். ஆனால் அடுத்த கிழமை தங்கை தொலைபேசியில் வந்தபோது, இருபத்திரண்டு ஆண்டு ஆசை வாயைத் திறந்துவிட்டது. "நிரஞ்சனா, நாங்கள் ஒர்வியேத்தோவுக்குப் போறமடி!" சிறீதரன் கையால் தடுத்தார், கண்ணால் தடுத்தார், கறிக்கரண்டியை ஆட்டியும் தடுத்தார். சொல் டோர்ட்முண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வைகாசியின் நீண்ட விடுமுறையில் படம் வந்தது. பொன் முகப்பின் முன்னால் கறுப்புக் கண்ணாடியுடன் யோகலிங்கம். பக்கத்தில் நிரஞ்சனா, கையில் பீட்சாத் துண்டு. படத்தின் கீழே ஒரே சொல்: ஒர்வியேத்தோ.

"நான் அப்பவே சொன்னனான்!" சிறீதரன் கைபேசியை மேசையில் குப்புற வைத்தார். "கஜந்தி, அந்த அறையை மாத்து. சான் ஜிமிஞானோ. கோபுரங்கள் இருக்கிற ஊர். அவன் இன்னும் போகேல்லை."

கஜந்தி அவ்வூரைப் பற்றித் தேடி வாசித்தாள். "அப்பா, அந்தக் கோபுரங்களை ஏன் கட்டினவை தெரியுமே? குடும்பத்துக்குக் குடும்பம் போட்டியாம். ஆர் வீட்டுக் கோபுரம் உயரம் எண்டு."

"நல்ல ஊர்தானே," என்றார் சிறீதரன், முகம் மாறாமல்.

 குணேஸ்வரி கைபேசியை எடுத்து, படத்தை இரு விரலால் பெரிதாக்கினார். தேவாலயத்தை அல்ல, தங்கையின் கையைப் பார்த்தார். நகப்பூச்சு கலையாத கை. ஒருநாளும் மாவு காயாத கை. அந்த ஊருக்குப் போயும் பீட்சாவா தின்றாள்? உருட்டி உருட்டித் தோள்மூட்டு தேய்ந்தவள் இங்கே அடுக்களையில். பாறைமேல் நின்று பல்லைக் காட்டுபவள் அவளா? சிறு வயதில் அக்காவின் புதுச்சட்டையை முதலில் போட்டுப் பார்த்தவளும் அவள்தானே. மறுநாள் உணவகத்தில் குணேஸ்வரி உருட்டிய நூல்கள் அறுந்து அறுந்து விழுந்தன. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

"எனக்கும் வேண்டாம் அந்த ஊர். அவள் எச்சில்படுத்தின ஊர்."

வாசகரே, கொள்ளை முழுமையடைந்தது இந்த நொடியில்தான். பறிகொடுத்தவரே பறித்தவரின் மொழியைப் பேசத் தொடங்கினால், பிறகு பூட்டு எதற்கு, கதவு எதற்கு?

வந்த சனிக்கிழமை, சான் ஜிமிஞானோப் பக்கம் போகும் ரயிலுக்குப் பதிய உட்கார்ந்தார்கள். கஜந்தி கடவுச்சீட்டுகளைக் கேட்டாள். குணேஸ்வரி பழைய கோப்பைத் திறந்து புரட்டியபோது, மடிப்புகளில் மஞ்சளேறிய தாள் ஒன்று வெளியே வந்தது. அலுவலக முத்திரை, சிறீதரனின் பெயர், ஒரு நாள் மட்டும் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கான அனுமதி. அகதி வழக்கு முடியும்வரை எல்லை தாண்ட அந்நாளில் அப்படியொரு தாள் வேண்டியிருந்தது. கலியாணப் பேச்சுக்காகக் குணேஸ்வரியைப் பார்க்க வந்தபோது சிறீதரன் சட்டைப்பையில் வைத்திருந்த தாள் அது.

குணேஸ்வரி அதை மேசையில் விரித்தார்.

"இஞ்சேருங்கோ. இதுக்கு எவ்வளவு நேரம் வரிசையிலை நிண்டனீங்கள்?"

சிறீதரன் தாளைத் தடவினார். "விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும். அதையேன் இப்ப எடுத்தனீர்?"

"அண்டைக்கு நீங்கள் எங்கை போறது எண்டு ஒரு கந்தோர் முடிவெடுத்தது. இண்டைக்கு யோகலிங்கம் முடிவெடுக்கிறார். அவர் போனால் நாங்கள் போகேலாது. அவர் போகாட்டில் நாங்கள் போகவேணும். நாங்கள் இன்னும் ஹைமுக்கைதான் இருக்கிறம். நீங்கள் கீழ்க்கட்டிலிலை. உங்களுக்குப் பக்கத்திலை இப்ப நானும் வந்து படுத்திட்டன்."

"உமக்கு எரியேல்லையே? உம்மடை ஊரெண்டு தெரிஞ்சுதானே போனவை!"

"ஏன் எரியாது? அவளின்ரை கையைப் பாக்கேக்கை வயிறு பத்துது. பத்தட்டும். பத்திக்கொண்டே போய்ப் பாக்கிறன்." குரல் உயரவில்லை, உறுதி உயர்ந்தது. "உங்களுக்கு யோகலிங்கம் போகாத ஊர் வேணும். எனக்கு நான் போகாத ஊர் வேணும். கஜந்தி, ஒர்வியேத்தோவைப் போடு."

கஜந்தியின் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது. "அப்பா, ரெண்டோ, மூண்டோ?"

சிறீதரன் யன்னலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். குப்புறக் கிடந்த கைபேசியையும் பார்த்தார். 

"ரெண்டு," என்றார் குணேஸ்வரி.

கஜந்தி பெயர்களை எழுதிக்கொண்டே சொன்னாள்: "அங்கை ஒரு பழைய கிணறும் இருக்கம்மா. இருநூற்று நாற்பத்தெட்டுப் படி. இறங்கிறதுக்கு ஒரு படிக்கட்டு, ஏறுறதுக்கு வேறை படிக்கட்டு. முழங்கால் நோவெண்டு சித்தப்பா இறங்கேல்லையாம். சித்தி சொன்னவ."

சிறீதரன் திரும்பினார். "இறங்கேல்லையோ?"

"ஒரு படிகூட இல்லையாம்."

அந்த முகத்தில் ஏறிய வெளிச்சத்தை என்னவென்பேன்! முப்பது ஆண்டுக் கீழ்க்கட்டில்காரர், கிணற்றின் அடியில் தமக்கொரு மேல்தட்டைக் கண்டுவிட்டார். "அப்ப மூண்டு போடு," என்றார்.

குணேஸ்வரி சிரிக்கவில்லை. "வாங்கோ. கிணத்துக்கை இறங்கி நிண்டு ஆசைதீரப் படம் எடுங்கோ. நான் மேலை மாவு உருட்டுற ஒரு மனுசியைத் தேடிப் போறன். அவளின்ரை கை திறமோ, என்ரை கை திறமோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

மூன்று சீட்டுகள் பதிவாயின. பொறாமை அந்த வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதுவும் பெட்டியில் ஏறிப் பாறைமேல் போகத்தான் போகிறது. ஆனால் ஊரைத் தேர்ந்தது அது அல்ல.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். இன்று மாலையே உங்கள் வீட்டில் சமைத்தவரை உட்கார வையுங்கள். "நீ போகாத ஊர் எது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைக் கேட்டதும் கைபேசியை எடுத்து, வேறு யார் போனார்கள் என்று துழாவாதீர்கள். குப்புறக் கவிழ்த்து வையுங்கள். அந்த ஊருக்குச் சீட்டைப் பதியுங்கள். நாளைக்கு அல்ல, தட்டுகளைக் கழுவுவதற்கு முன்னே பதியுங்கள். கழுவும் வேலையையும் இன்று நீங்களே செய்யுங்கள்.