இருநூற்றுப் பன்னிரண்டை மூன்றாக்கும் கருவி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒட்டுக்கேட்ட கதை. ஒரு தர்ம கண் மருத்துவமனையில், பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. கண்ணில் சொட்டு மருந்தை விட்டு, "ஒரு மணி நேரம் மூடிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கண்ணை மூடிய மனுஷன் வேறு என்ன செய்வான்? காதைத் தீட்டிக்கொண்டேன்.

நான் சொல்லச் சொல்ல என் மனைவி தட்டச்சு செய்கிறாள். நடுவில் சதுர அடைப்புக்குள் ஏதாவது வந்தால் அது அவள் கைவரிசை. நான் பொறுப்பல்ல.

[சீக்கிரம் சொல்லுங்க. அடுப்புல பால் இருக்கு.]

2

தொடக்கம் ஒன்று: "தரவுத்தளம் என்பது நவீன மனிதகுலத்தின் கூட்டு நினைவு. அந்த நினைவின் வாசலில் நிற்கும் நாம்—"

[கொட்டாவி வருது.]

தொடக்கம் இரண்டு: "அவள் 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்தினாள். விதி புன்னகைத்தது. அப்போது வெளியே மழை—" மழை பெய்யவில்லை. விதி புன்னகைத்ததையும் நான் பார்க்கவில்லை. கண் மூடியிருந்தது.

தொடக்கம் மூன்று: தடுப்புக்கு அந்தப் பக்கம் பதிவுப் பிரிவு. அங்கே பதினோரு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண். வீட்டில் அவள் மருமகள். இந்தக் கதையிலும் மருமகள் என்றே இருக்கட்டும். அன்று காலை அவள் கணினியில் புதிதாக ஒரு கருவியை நிறுவிக்கொண்டிருந்தாள். தலைமை அலுவலகத்துக் கணினிக்காரர் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு இரண்டு கையும் விசைப்பலகையில் இருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெஞ்சிலிருந்த எங்கள் எல்லாருக்கும் இலவசப் பாடம்.

இது போதும். இப்படியே போகலாம்.

3

"நெக்ஸ்ட் கொடுங்க மேடம்."

"கொடுத்தாச்சு."

"இன்னொரு நெக்ஸ்ட்."

"கொடுத்தாச்சு. ஏதோ நீளமா ஒப்பந்தம் காட்டுது சார். சம்மதமான்னு கேக்குது."

"சம்மதம்னு சொல்லுங்க."

"படிக்காமலா?"

"அதை எழுதினவனே படிச்சிருக்க மாட்டான் மேடம். சும்மா கொடுங்க."

எதற்கு இந்தக் கருவி? அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் சிலர் பெயர் இரண்டு தடவை ஏறியிருந்தது. பழைய மென்பொருளில் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைத்தான் பார்க்க முடியும். வரிசை எண் சாம்பல் நிறத்தில் மேலே உட்கார்ந்திருக்கும், தொட விடாது. புதுக் கருவி அப்படியல்ல. அது நேரே டேட்டாபேஸுக்குள் நுழைந்து மொத்தப் பட்டியலையும் தூக்கி மேசையில் வைத்துவிடும். இரட்டைப் பெயர்களைக் கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை.

நிறுவி முடிந்தது. சர்வர் முகவரி போட்டாள், போர்ட் எண் போட்டாள், தன் பெயரைப் போட்டாள். இணைப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

"சிவப்பா வருது சார். அனுமதி இல்லைங்குது."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "உங்க பேர்ல யூசரே உண்டாக்கல மேடம். பாக்க மட்டும் முடியற மாதிரி ஒரு யூசர் வேணும்னா, ஃபாரத்துல மூணு பேர் கையெழுத்து போடணும். ஒருத்தர் லீவு. திங்கக்கிழமைதான் வருவார்."

"அறிக்கை நாளைக்குள்ள வேணும்னு உங்க ஆபீஸ்லதானே உயிரை வாங்குறாங்க?"

"அதான் மேடம். ஒண்ணு பண்ணுங்க. என் பேர்லயே உள்ள போயிடுங்க."

என்று சொல்லி, பாஸ்வேர்டையும் ஸ்பீக்கரில் எழுத்து எழுத்தாகச் சொன்னார். பெஞ்சில் ஏழு பேர் இருந்தோம். நாகரிகம் கருதி அதை இங்கே தரவில்லை.

[அவர் சம்சாரம் பேரு. கூடவே ஒரு வருஷம்.]

உனக்கு எப்படித் தெரியும்?

[வந்ததும் வராததுமா அதைத்தானே சொல்லிச் சிரிச்சீங்க!]

"பச்சை வந்துடுச்சு!" என்றாள் மருமகள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம் குரலில்.

"கடைசியா ஒண்ணு. ஆட்டோ கமிட்னு மேல ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணிடுங்க. தப்பித்தவறிக் கை பட்டு ஏதாவது மாறினாலும், நீங்க கமிட் அழுத்தற வரைக்கும் அது உங்க திரையில மட்டும்தான். மத்தவங்களுக்குப் பழசுதான் தெரியும். சேஃப்டி."

சேஃப்டி என்றால் என்ன என்று இனிமேல்தான் அவருக்கே தெரியப்போகிறது.

4

இருநூற்றுப் பன்னிரண்டு யார் என்று சொல்லிவிட வேண்டும். அவள் மாமனார்.

கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் விசில் மாமா. இரண்டு கண்ணிலும் கண்புரை முற்றிவிட்டது. "முப்பது வருஷம் ஊரே என்னைப் பாத்து 'கண்ணு தெரியலையா'ன்னு கத்துச்சு. பொய் சொல்லக் கூடாதுன்னு இப்ப கண்ணு மூடிக்கிச்சு" என்று சொல்லிச் சிரிப்பாராம். (இந்தச் சிரிப்பு நான் சேர்த்தது. ஆனால் அவர் குரலைக் கேட்டவர் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அவள் வீட்டுக்குப் போன் போட்டபோது நானும் கேட்டேன். ஸ்பீக்கரை அவள் அணைக்கவில்லை.)

"மாமா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. தட்டுல என்ன இருந்துச்சுன்னுதான் தெரியல."

"சின்னவ எங்க?"

"பந்தை எடுத்துக்கிட்டு ஓடிட்டா. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவளுக்கு மொத மேட்ச்சு. கோல்கீப்பராம். 'தாத்தா நீ வந்து பாக்கணும்'ங்கறா. வரேன்னுட்டேன்."

"எப்படி மாமா?"

"பக்கத்துல உக்காந்து யாராவது சொல்லுங்க, கேட்டுக்கறேன். கோலா இல்லையான்னு மட்டும் ஒழுங்கா சொல்லணும். வரிசை என்னாச்சும்மா, நகந்துச்சா?"

"இருநூத்திப் பன்னிரண்டு மாமா."

"போன மாசமும் அதானே சொன்னே?"

"அது இருநூத்தி முப்பத்தெட்டு."

"அப்ப நல்லாத்தானே நகருது" என்றார் அவர். எட்டு மாதம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் கணக்குத் தெரியும்.

போனை வைத்தாள். பட்டியலை மேலே உருட்டும் மவுஸ் சக்கரத்தின் சத்தம் கேட்டது. பிறகு தனக்குத்தானே, மெதுவாக, "மூணு" என்றாள்.

5

இதற்கடுத்து என் காதில் விழுந்தது விசைச் சத்தம் மட்டுமே. மற்றது நான் ஊகித்தது. அவள் நல்லவளாக இருந்து, 'மூணு' என்றது டீக்கு எத்தனை டம்ளர் என்பதாக இருந்தால், என்னை மன்னிக்கட்டும்.

வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று பேருக்கு அறுவைச் சிகிச்சை. அடுத்தது வியாழக்கிழமை. பட்டியலில் முதல் மூன்று பேர். புதுக் கருவியில் ஒரு கட்டத்தின் மேல் இரண்டு தடவை தட்டினால் உள்ளே கோடு கண் சிமிட்டும். எதை வேண்டுமானாலும் எழுதலாம். இருநூற்றுப் பன்னிரண்டை அழித்து மூன்று என்று அடித்தாள். கருவி மறுத்தது: அந்த எண்ணில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார்.

பார்த்தீர்களா, இங்கேதான் எனக்கு அவள்மேல் பரிதாபம் வருகிறது. மாமாவைச் சத்தமில்லாமல் நடுவில் செருகிவிட முடிந்திருந்தால் யாரையும் தள்ளிவிட்டதாகவே தோன்றியிருக்காது. கருவி அந்த வசதியைத் தரவில்லை. மூன்றாவது ஆளை அவளே தன் கையால் எழுப்பி, பொய்யாக ஓர் எண்ணில் நிறுத்திவைத்து, மாமாவை உட்காரவைத்து, அந்த ஆளை இருநூற்றுப் பன்னிரண்டுக்கு அனுப்ப வேண்டும். மூன்று வேலை, மூன்று எண்டர். மூன்றையும் நான் கேட்டேன்.

அந்த மூன்றாவது ஆள் யார்?

முதல் வரைவில் அவனை ஒரு பணக்காரனாக எழுதினேன். இலவசம் என்றதும் காரில் வந்து இறங்கியவன். அவன் எட்டு மாதம் காத்திருந்தால் யாருக்கும் வலிக்காது. பிறகு அவனை மனைவியை அடிக்கிறவனாக மாற்றினேன்.

[இதை நான் டைப் பண்ண மாட்டேன்.]

சரி, எடுத்துவிட்டேன். பிறகு, ஒரு கண் நன்றாகத் தெரிகிறது, சும்மா வந்தவன் என்று—

[அதுவும் பொய்.]

சரி. மூன்றாவது ஆள் ஒரு சாதாரண ஆள்.

6

கணினிக்காரர் ஒன்றைச் சொல்ல மறந்திருந்தார். மாற்றிவிட்டுக் கமிட் அழுத்தாமல் இருந்தால், மாற்றிய வரிகள் பூட்டிக்கொள்ளும். அதுவரை வேறு யாரும் அவற்றைத் தொட முடியாது. மருமகள் மாற்றினாள், அழுத்தவில்லை. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அறுவை அரங்கு நர்ஸ் செருப்புச் சத்தத்தோடு வந்தார். "என்ன மேடம் இது? வியாழக்கிழமை ஆளுங்களுக்கு ஓகே போடறேன். ஒண்ணு போகுது, ரெண்டு போகுது. மூணாம் நம்பரைத் தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு!"

"நெட் ஸ்லோவா இருக்கும் சிஸ்டர்."

"மூணாம் நம்பருக்கு மட்டுமா ஸ்லோ?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கணினிக்காரர். ஸ்பீக்கர்.

"மேடம், பட்டியல்ல யாரோ ரெண்டு வரியைப் பூட்டி வச்சிருக்காங்க. யாருன்னு பாத்தா நான்னு காட்டுது! நான் இங்க டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன் மேடம்!"

பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். நானும்தான். அப்புறம் அவர் சிரிக்காத குரலில் பேசினார்.

"மேடம்... எந்த ரெண்டு வரின்னு நான் இன்னும் பாக்கல. பாத்தா எழுதி வைக்கணும். என் பேர்ல நடந்தது, என் வேலையும் போகும். கருவியை மூடுங்க. மூடும்போது அது கேக்கும், என்ன செய்யன்னு. நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் நான் திரும்பத் திறப்பேன்."

அவள் மூடும் குறியை அழுத்தினாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி: மாற்றங்கள் இன்னும் பதியப்படவில்லை. கமிட். ரோல்பேக். கேன்சல்.

7

முடிவு அ: கமிட். வியாழக்கிழமை மாமாவுக்கு ஒரு கண் திறக்கிறது. அந்த ஞாயிறு மைதானத்தின் ஓரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உட்காருகிறார். பேத்தியின் கைக்குத் தப்பிய பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று எல்லாரும் சண்டை போடும்போது, "கோல்தான்! கோல்தான்!" என்று பேத்திக்கு எதிராகவே எழுந்து கத்துகிறார். பேத்தி ஒரு வாரம் பேசவில்லை.

முடிவு ஆ: ரோல்பேக். எல்லாம் பழையபடி. மைதானத்தில் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து நேர்முக வர்ணனை செய்கிறாள். பந்து உள்ளே போனதும் "பிடிச்சுட்டா மாமா!" என்கிறாள். எதிரணி ஏன் ஆடுகிறது என்று அவர் கேட்கவில்லை.

முடிவு இ: கேன்சல். பெட்டி மறைகிறது, ஒன்றும் நடக்கவில்லை, எல்லாரும் காத்திருக்கிறார்கள். எழுத்தாளர்களுக்குப் பிடித்த பொத்தான் இது.

இம்மூன்றில் எதைத் தேர்வது என்பது வாழ்வின் நிச்சயமின்மை குறித்த—

[போதும் உங்க தத்துவம். படிக்கிறவங்களுக்கு நான் சொல்லிடறேன்: அந்த மூணாம் நம்பர் இவர்தான். சீட்டு சட்டைப்பையில இருக்கு. ரெண்டு கண்ணும் போயிடுச்சு, அதனாலதான் நான் டைப் பண்ணிக்கிட்டு இருக்கேன்.]

ஆமாம். நான்தான்.

தடுப்பைத் தட்டி, "அம்மா, அது என் நம்பர்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு கை தூரம்தான். தட்டினால் அவள் வேலை போகும். தட்டாவிட்டால் எட்டு மாதம் இந்த இருட்டு. கை மடியிலேயே கிடந்தது. பயந்தேன், அவ்வளவுதான். அதற்குள் ஒரு நர்ஸ் வந்து கண் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் எதை அழுத்தினாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதக் கூடாது. மூன்றாம் எண்காரன் எழுதினால் அது மனு, முடிவல்ல. என் மனைவியும் எழுதக் கூடாது. அவள் என் கட்சி.

[யாரு சொன்னா? எனக்கு அந்தப் பொண்ணைப் பாத்தா பாவமா இருக்கு.]

இன்று புதன்கிழமை. நாளைக்கு வா என்று சொல்வதானாலும், வர வேண்டாம் என்று சொல்வதானாலும், இன்றைக்குள் கூப்பிடுவார்கள்.

[போன் அடிக்குது.]

இரு. கதையை முடித்துவிடுகிறேன்.

[முடிவே கிடையாதுன்னு இப்பதானே சொன்னீங்க? ஆஸ்பத்திரி நம்பர்தான். நான் போறேன்.]

எழுந்து போய்விட்டாள். இதை நானே எழுத்து எழுத்தாகத் தடவி அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன் கூடத்தில் இருக்கிறது. அவள் போய் எடுக்கப் பத்துப் பன்னிரண்டு காலடி. அந்தப் பெண்ணின் மவுஸ் இன்னும் மூன்று பொத்தான்களுக்கு மேல் நிற்கிறது. அந்தப் பக்கம், தன் பேத்தி பந்து பிடிப்பதைப் பார்க்க ஆசைப்படும் ஒருவர். இந்தப் பக்கம், மனைவி எந்த முகத்தோடு போனை வைக்கிறாள் என்று பார்க்க ஆசைப்படும் ஒருவன். எனக்குப் பார்க்க வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் அவரும் போன மாசத்திலிருந்து எண்ணிக்கொண்டுதானே இருக்கிறார்? உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் அழுத்துங்கள். சீக்கிரம், மணி நிற்கப்போகிறது.