பூச்சுக்குக் கொண்டுபோன தவா

அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஒரு கணக்கு வாத்தியார், முதல் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். எல்லோரையும்விடத் தங்கைதான் அதிகம் சந்தோஷப்பட்டாள். அக்காவின் பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோதுதான், இனி இந்த வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லை என்பது உறைத்தது.

தங்கைக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. நாளெல்லாம் ஊரார் பற்களை இழைத்துவிட்டு வந்து, அக்கா விட்டுப்போன நான்ஸ்டிக் தவாவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவாள். பூச்சு செதில்செதிலாக உரிந்திருந்தது. பாதி முட்டை தட்டுக்கு வரும், பாதி தவாவோடு நின்றுவிடும்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குடி" என்றாள் அக்கா போனில்.

"பூச்சுதானே போயிருக்கு. அடி நல்லாத்தான் இருக்கு."

பழைய தவாவுக்குப் புதுப் பூச்சு போடும் பட்டறை ஒன்றை விசாரித்துக் கண்டுபிடித்தாள். பட்டறைக்காரர் இரும்பு அளவுகோலைத் தவாவின் அடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். எங்கும் நெளியவில்லை. பழைய பூச்சை மணல் அடித்து எடுத்துவிட்டு, புதியதைத் தெளித்துச் சூட்டில் இறுக்கித் தருவதாகச் சொன்னார். அப்படியே செய்தும் கொடுத்தார். முட்டை வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கியது. அதைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினாள்.

அக்கா உடனே கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

"இங்கயும் ஒண்ணு உரிஞ்சு கெடக்குடி. முன்னால இருந்தவங்களோடது. எனக்குத் தொடவே கூச்சமா இருக்கு. வேற வாங்கலாம்னா இவரு முகம் வாடிப்போகுது."

"அத்தான்கிட்டக் குடுத்தனுப்பு. சரி பண்ணிடலாம்."

சனிக்கிழமை அத்தான் வந்தார். துணிப்பையில், செய்தித்தாள் சுற்றிய தவா. பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினார்.

பட்டறைக்காரர் தாளைப் பிரித்தார். தவாவின் ஒரு பக்கத்தில் மட்டும் பிறைபோல ஒரு தேய்மானம். "கரண்டி போன தடம். கவலைப்படாதீங்க, எல்லாம் சுத்தமாப் போயிடும்" என்றார்.

அத்தான் கைநீட்டித் தவாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அவளுக்கு இடது கைப் பழக்கம். அதான் இந்தப் பக்கம் தேஞ்சிருக்கு." பட்டறைக்காரரைப் பார்த்து, "இன்னொரு நாள் வர்றேனே" என்றார். தாளைச் சுற்றப் பார்த்தார், கிழிந்துவிட்டது. தங்கைதான் வாங்கிச் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டில் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "உங்கக்கா தப்பா நெனச்சுக்குவாளாம்மா?"

"மாட்டா அத்தான். அது அங்கயே இருக்கட்டும். ஆனா அவளுக்குன்னு ஒண்ணு வேணும்ல."

அடுப்பின் மேலிருந்த தன் தவாவை எடுத்துத் துடைத்தாள். கைப்பிடி மட்டும் பழையதுதான், அக்கா பிடித்துப் பிடித்து மழுங்கியது. அதைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அத்தானின் பைக்குள், மற்றதன் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் அக்கா கூப்பிட்டாள். "என்னத்துக்குடி இதைக் குடுத்தனுப்புன?"

"முட்டை ஒட்டுதா?"

"ஒட்டலை. நீ என்ன சாப்பிட்ட?"

"முட்டைதான். வேகவெச்சு."

"பொய்."

பொய்தான். அடுப்பே பற்றவைக்கவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. உப்பு எங்கே என்று அத்தான் கேட்டார்.

"ஜன்னலோரம், மேல்தட்டுல, கடுகு டப்பாவுக்குப் பின்னாடி" என்றாள் அக்கா.

தங்கை தலையைத் திருப்பிப் பார்த்தாள். இந்த வீட்டிலும் உப்பு அங்கேதான் இருந்தது.