ரகசியமாக்கப்பட்ட குடிநீர்

ஊழியர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கிறது என்று பரிசோதனை அறிக்கை வந்ததும், துணை இயக்குநர் சந்தானம் அதன்மேல் 'ரகசியம்' என்று முத்திரை குத்தச் சொன்னார்.

பெங்களூரில் இருந்த அந்த மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில், எது ரகசியம் என்று குறிப்பது நிருபமாவின் வேலை. அவள் இஷ்டத்துக்குக் குறிக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டு விதிகள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே ரகசியமான ஓர் ஆவணத்திலிருந்து அந்தத் தகவல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

"எந்த சோர்ஸை வெச்சு சார் மார்க் பண்றது?"

"பிரிஜெட் ஆர்டிஐ போட்டிருக்கா. அது போதாதா?" என்றார் சந்தானம், பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி.

பிரிஜெட் கணக்குப் பிரிவு ஊழியை. தண்ணீர் அறிக்கையைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருந்தாள். குடியிருப்பில் வளர்ந்த அவள் மகள் மஞ்சள் காமாலையோடு அல்சூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மறுநாள் சந்தானம் பழைய ரகசியக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். "இதோ சோர்ஸ். வாட்டர் டேங்க்னு இருக்கு பாரு."

இருந்தது. எஞ்சின் சோதனைக்கூடத்தைக் குளிர்விக்கும் தொட்டி.

"இது மெஷினுக்கு ஊத்துற தண்ணி சார். அது குழந்தைங்க குடிக்கிறது."

"தண்ணின்னா தண்ணிதாம்மா."

மூலம் பொருந்தவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். சந்தானம் அறிக்கையைப் பிடுங்கிப் பக்கத்து மேசையில் போட்டார். அங்கே அதே வேலை பார்த்த சிவசங்கரன் தலை நிமிராமலே முத்திரையைக் குத்தினான். மதியம் ஒன்றும் நடக்காததுபோல, "ஊறுகாய் வேணுமா மேடம்?" என்று டப்பாவை நீட்டினான். அவள் சாப்பாட்டை மூடிவைத்தாள்.

நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனாள். "அந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க பிரிஜெட். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

பிரிஜெட் கணக்கேட்டை மூடினாள். "சந்தானம் சார் வீட்டுக்கு நேத்தே கேன் தண்ணி இறங்கிச்சு மேடம்."

தவறான முத்திரையை எதிர்க்க விதியில் இடமிருந்தது. நிருபமா அன்றே தில்லிக்கு எழுதினாள். முத்திரையை நீக்கச் சொல்லி உத்தரவு வர மாதங்கள் ஆயின. சந்தானத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பின் குடியிருப்பில் புதுச் சுத்திகரிப்பு இயந்திரத்தை அவரே ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசினார். முதல் தம்ளரைப் புகைப்படத்துக்காகப் பிரிஜெட்டிடம் நீட்டினார்.

"நீங்க குடிங்க சார்," என்றாள் அவள், கையைக் கட்டிக்கொண்டு.

கூட்டமே பார்த்தது. அவர் தம்ளரை உதட்டில் வைத்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தொண்டை அசையவில்லை. கேமரா திரும்பியதும் தண்ணீரைச் செடியோரம் கொட்டினார்.

நிருபமா அருவருப்போடு எழுந்தாள். பிரிஜெட்டும் கூடவே வந்தாள். பின்னால் கைதட்டல் கேட்டது.