முப்பத்திநாலாம் நம்பர்

மாரித்தாய் கொண்டுவந்து கொடுத்த ரசீதைக் கணபதிசுப்பிரமணியன் மூன்று முறை படித்தார். ஒன்றும் விளங்கவில்லை.

மேலகரத்து நூற்பாலையில் தொழிலாளர்களின் வைத்தியச் செலவுக்கு மனு எழுதி, மதுரையிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. ஆறு வருஷத்தில் காய்ச்சல், பேதி, பிரசவம், மெஷினில் விரல் நசுங்கியது என்று எல்லா ரசீதையும் பார்த்துவிட்டார். 1984 ஜூலையில் வந்த இந்த ரசீது வேறு மாதிரி இருந்தது.

'ஆலோசனை, பத்து ரூபாய். உட்ஸ் லாம்ப், பதினைந்து ரூபாய். தோல் படம் இரண்டு, இருபது ரூபாய்.'

"உட்டுன்னா மரம்லா? மர விளக்குக்கா பதினஞ்சு ரூவா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் சார்? ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி கதவ அடைச்சாவ. ஒரே இருட்டு. ஊதாக் கலர்ல ஒரு விளக்கப் போட்டு என் கழுத்தப் பாத்தாவ. பொறவு ஜன்னல் பக்கம் நிக்கவச்சுப் போட்டா பிடிச்சாவ."

"போட்டா எதுக்கு?"

"அதான் எனக்கும் தெரியல. சிரிக்கணுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாவ."

மாரித்தாய்க்கு இருபத்தெட்டு வயது. நூல் சுற்றும் பிரிவில் வேலை. கழுத்திலும் தோளிலும் வெளிறின திட்டுகள் பரவ ஆரம்பித்ததும், தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாக வந்திருந்த தோல் டாக்டர் பரீதிடம் போயிருந்தாள்.

மனுப் பாரத்தில் ஐந்து கட்டங்கள்தான் உண்டு. ஆலோசனை, மருந்து, ஊசி, எக்ஸ்ரே, அறுவை. விளக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படத்தை எதில்? இரண்டு நாள் யோசித்துவிட்டு, சனிக்கிழமை சாரலில் நனைந்துகொண்டே சைக்கிளில் தென்காசிக்குப் போனார்.

டாக்டர் பரீது சவுதியில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். விளக்கும் கேமராவும் அங்கிருந்து கொண்டுவந்தவை. எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுவதும் அங்கே வந்த பழக்கம்தான்.

"தேமல் இந்த வெளிச்சத்துல மஞ்சளா மினுங்கும். கண்ணுக்குத் தெரியாத இடமும் தெரியும். மருந்து போட்டாலும் நிறம் திரும்ப மூணு மாசம் ஆவும். முன்ன எப்படி இருந்துச்சுன்னு ஞாபகத்த வச்சா சொல்ல முடியும்? அதுக்குத்தான் படம்."

"அப்ப இது எக்ஸ்ரேயா டாக்டர்?"

"இல்ல."

"எங்க பாரத்துல வேற கட்டம் இல்லையே."

"அதுக்கு நான் என்னங்க செய்யட்டும்?"

திரும்பி வந்து, எக்ஸ்ரே கட்டத்தில் முப்பத்தைந்து ரூபாயை எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எக்ஸ்ரே அல்ல' என்று போட்டார். அவருக்கே அது கோமாளித்தனமாகத்தான் பட்டது. நோயின் பெயரை எழுதக்கூடாது, பட்டியலில் உள்ள நம்பரைத்தான் எழுத வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் கட்டளை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பட்டியல் இருந்தது. தேமலுக்கு முப்பத்திநாலு. எழுதி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, வாட்ச்மேன் தாணு மாரித்தாயை கேட்டிலேயே நிறுத்தினார்.

"உன்ன உள்ள விடக்கூடாதுன்னு மானேஜர் உத்தரவு."

"ஏன் அண்ணாச்சி? நான் என்ன செஞ்சேன்?"

"காரணம் சொல்லல தாயி. மதுரையிலேருந்து கடிதாசி வந்திருக்காம்."

அவள் மத்தியானம் வரை கேட்டில் நின்றாள். நூல் திருடியதாக யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாள். போன மாதம் மேஸ்திரியை எதிர்த்துப் பேசியது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனால் புருஷன் சங்கரபாண்டிக்கும் அதே குழப்பம். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். "ஏட்டி, மறைக்காமச் சொல்லு. என்னத்த எடுத்த?" என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் அவனும் அழுதுவிட்டான்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கணபதிசுப்பிரமணியன் கேட்டுக்கு வந்தபோது அவள் ஓடிவந்தாள்.

"சார், நான் திருடலன்னு நீங்களாவது சொல்லுங்க."

"திருட்டா? அப்படி யாரும் சொல்லலியே."

"பொறவு எதுக்கு?"

அவருக்கும் தெரியவில்லை. நேரே மானேஜரிடம் போய்க் கேட்டார். மானேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கடிதத்தைக் காட்டினார். 'எண் 34 நோயுள்ள தொழிலாளியை மறு உத்தரவு வரை ஆலைக்குள் அனுமதிக்க வேண்டாம்.'

"தேமலுக்கா சார்?"

"எந்தத் தேமல்? முப்பத்திநாலுன்னா குஷ்டம்யா."

கணபதிசுப்பிரமணியன் தன் மேஜைக்கு ஓடி, கண்ணாடிக்கு அடியில் பார்த்தார். முப்பத்திநாலு, தேமல். மானேஜர் அலமாரியிலிருந்து வேறொரு பட்டியலை எடுத்துவந்தார். ஏப்ரலில் வந்த புதுப் பட்டியல். அதில் முப்பத்திநாலு தொழுநோய். தேமல் ஐம்பத்தொன்றுக்குப் போயிருந்தது. புதுப் பட்டியலைப் பெற்றுக்கொண்டேன் என்று கீழே ஒரு கையெழுத்து. அவருடைய கையெழுத்துதான். போட்ட நினைவே இல்லை.

அவர் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு தன்னுடையது என்றும் சொன்னார். சங்கரபாண்டி அடிப்பான் என்று நினைத்தார். அவன் அடிக்கவில்லை.

"நம்பர அடிச்சிட்டு வேற நம்பர் எழுதுங்க சார். அவ்வளவுதானே?" என்றான்.

"மதுரையில பதிஞ்ச நம்பர அடிக்க முடியாதாம். அந்த நோய் இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கணுமாம்."

மூன்று பேருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"நான் சொல்லாத நோய இல்லைன்னு நானே எழுதணுமாக்கும்! அந்த நோயே இருந்தாலும் மருந்து இருக்கு. ஒரு பொம்பளைய வெளிய நிறுத்த இது என்ன காரணம்?"

பேசிக்கொண்டே பஞ்சால் ஒவ்வொரு திட்டையும் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் இருந்தது; குஷ்டமென்றால் திட்டில் உணர்ச்சி மரத்திருக்கும். இருட்டறையில் விளக்கைப் போட்டார். போன தடவை மஞ்சளாக மினுங்கிய இடங்கள் இப்போது மினுங்கவில்லை. ஒரு படம் எடுத்தார். பழைய படம் இரண்டையும் புதுப் படத்தையும் ஒரே அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, கீழே நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் படத்துக்கு மட்டும் ரசீது போடவில்லை.

பதினேழு நாள் கழித்து உத்தரவு வந்தது. மாரித்தாய் வேலைக்குத் திரும்பலாம். இழந்த கூலியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கூடவே வைத்தியச் செலவு மனுவும் திரும்பி வந்திருந்தது. விளக்குக்குப் பதினைந்து ரூபாய் அனுமதி. படத்துக்கு இருபது ரூபாய் தள்ளுபடி. காரணம், 'தொழிலாளியின் சொந்த உபயோகத்துக்கான புகைப்படம்.' அவளைக் காப்பாற்றியதே அந்தப் படங்கள்தான் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கணபதிசுப்பிரமணியனுக்குத் தெரியவில்லை. இருபது ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுக்கப் போனார். அவள் வாங்கவில்லை.

இதற்குள் குஷ்டம் என்ற பேச்சு ஆலை டைப்பிஸ்ட் வழியாக எங்கும் பரவிவிட்டது. கூடவே அது தப்பான நம்பர் என்பதும் பரவியது. ஆனாலும் முதல் வாரம் யாரும் அவள் தண்ணீர்ச் செம்பைத் தொடவில்லை. பிறகு ஒருத்தி தொட்டாள். பிறகு எல்லாரும் பழையபடி ஆகிவிட்டார்கள். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

ஆவணி முடியும் சமயம், சாப்பாட்டு வேளையில் அவர் கூடத்தைக் கடந்து போனார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாரித்தாய் மட்டும் தள்ளி, பஞ்சுப் பொதி ஓரத்தில் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவருக்குச் சுரீரென்றது. "இன்னும் உன்ன ஒதுக்குதாங்களா?"

"இல்ல சார். அவளுவ கூப்பிடத்தான் செய்யுதாளுவ." அவள் வட்டத்தையும் பொதியையும் மாறிமாறிப் பார்த்தாள். "எனக்குத்தான் எங்கன போயி உக்காரணும்னு தெரிய மாட்டங்கு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வட்டத்திலிருந்து ஒருத்தி, "ஏட்டி மாரித்தாயி, சோறு ஆறுது, வா" என்று சத்தம் போட்டாள். அவள் இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள்.