காற்றில் சாய்ந்த துடைப்பம்

சைமியின் வீடு காணாமல் போனது ஒரு ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில். வீடு இருந்த இடத்தில் சதுப்புப் புல் ஆடியது. வாசலில் சாய்த்து வைத்திருந்த பிர்ச் மரக் குச்சித் துடைப்பம் மட்டும் காற்றின் மேல் சாய்ந்தபடி அப்படியே நின்றது.

வடதுருவத்தை ஒட்டிய சிற்றூரான லூமிலம்பியில் கதவைப் பூட்டும் வழக்கம் கிடையாது. வெளியே போகிறவர் துடைப்பத்தைக் கதவில் சாய்த்துவிட்டுப் போவார். வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகும் படியேறுகிறவனை யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். துடைப்பத்தைக் கொண்டு பொய் சொல்லலாம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. சைமிக்குத் தோன்றியது. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பின்ஜன்னல் வழியாக உள்ளே குதித்தாள். துடைப்பம் அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஏற ஆளில்லாததால் ஊரின் ஒரே பஸ்ஸை நிறுத்தப் போவதாக வட்டார அலுவலகம் சொன்னபோது, எல்லோரையும்விட அதிகம் பதறியவள் அவள்தான். பஸ் நின்றால் அதை ஓட்டும் ஆர்வோ வேலை தேடித் தெற்கே போய்விடுவான். ஆர்வோ பல வருஷமாகத் தினமும் அவள் வீட்டில் காபி குடிப்பவன். காபியில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு, அது இளகும்வரை ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகும் பேசாமல் போகிறவன். அதனால்தான் பஸ்ஸை நிரப்பச் சுற்றுலாத் திட்டம் போட மாரித் என்ற இளம்பெண்ணை அலுவலகம் அனுப்பியபோது, சைமி தன் வீட்டு அறைகளை முதல் ஆளாகக் கொடுத்தாள்.

"ஊர் கெடாம, அளவா ஆளுங்களக் கூட்டிட்டு வருவோம்" என்றாள் மாரித். அளவு முதல் வாரமே உடைந்தது. வந்தவர்கள் பனிமான் மேயும் பாசியை மிதித்து மாவாக்கினார்கள். சதுப்பில் விளையும் பழங்களைக் காயிலேயே பறித்தார்கள். சைமி நீராவிக் குளியலில் இருந்தபோது கதவைத் திறந்து, "இது அருங்காட்சியகமா?" என்று கேட்டார்கள். அன்றுதான் அவள் துடைப்பத்தைச் சாய்த்தாள்.

வீடு மறைந்ததும் அவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பளுதூக்கும் வீரர் ஒருவர் துடைப்பத்தைத் தூக்கப் பார்த்தார். வீடு, அடுப்பு, நிலவறை உருளைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த கனம் அதில் இருந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

உள்ளே போன சைமிக்கு வெளியே வர வழியில்லை. காபி நேரத்தில் அந்த வெற்றிடத்திலிருந்து காபி வாசனை வந்தது. ஆர்வோ தினமும் தொப்பியைக் கழற்றி, பாலாடைக்கட்டிப் பொட்டலத்தோடு துடைப்பத்தின் முன்னால் நின்றுவிட்டுப் போனான்.

"நீங்களாவது எடுத்துப் பாருங்களேன்" என்றாள் மாரித்.

"வீட்ல ஆள் இல்லையே."

"உள்ளதான் இருக்காங்க! வாசனை வருதில்ல?"

"துடைப்பம் இருக்கேம்மா."

நாளாக ஆக வாசனை மெலிந்தது. உள்ளே காபித்தூள் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரே தூளைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்த வாசனை வந்தது. பிறகு ஒருநாள் வெறும் சதுப்பு மட்டும் மணத்தது. ஆர்வோ வெகுநேரம் நின்றான். பாட்டன் காலத்திலிருந்து அவன் குடும்பத்தில் யாரும் செய்யாததைச் செய்தான். துடைப்பம் அவன் கையில் வெறும் சுள்ளியாய் லேசாக இருந்தது. புகைபோக்கியும் கொடியில் காயும் துணியுமாக வீடு வந்து நின்றது.

"இத்தனை நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தே?" வாசலில் சைமி கத்தினாள்.

"துடைப்பம் இருந்துச்சு."

"இப்ப மட்டும் ஏன் எடுத்தே?"

ஆர்வோ தொப்பியைப் பார்த்தான். "வாசனை நின்னு போச்சு. பயந்துட்டேன்."

லூமிலம்பியில் அதுவரை கேட்ட காதல் பேச்சுகளில் அதுதான் நீளமானது. சுற்றுலாப் பயணிகளில் சிலர் அழுதார்கள்.

மாரித் பழைய திட்டத்தை அடுப்பில் போட்டாள். இப்போது காலையில் எல்லா வீடுகளிலும் துடைப்பம் சாய்கிறது, ஊரார் பின்ஜன்னல் வழியாக உள்ளே போகிறார்கள். வருகிறவர்கள், இல்லாத ஊரைப் பார்த்து வாய்பிளந்து போகிறார்கள். இல்லாத பாதையை யாரும் மிதிக்க முடியாது. அலுவலகம் கேட்ட ஒரே கேள்வி, கழிப்பறை எங்கே என்பது. பஸ் நிறுத்தத்தில் கட்டினார்கள். இரண்டாவது பஸ்ஸும் விட்டார்கள். மாலையில் கடைசிப் பயணியை இறக்கிவிட்டு வந்து, ஆர்வோ வீடு வீடாகத் துடைப்பங்களை எடுக்கிறான்; பாசி மறுபடி முளைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. அன்று ஊர் முழுவதும் இருக்கும். சைமியின் வீடு மட்டும் இருக்காது, ஆர்வோவும் இருக்க மாட்டான். புல்வெளியில் காபி வாசனை கமகமவென்று வரும். திங்கள் காலை பஸ் நேரத்துக்குச் சரியாகத் துடைப்பம் தானாக வழுக்கி விழுகிறது. பஸ் இதுவரை ஒருநாளும் தாமதமாகப் புறப்பட்டதில்லை.